விஸ்கியை எப்படிக் குடிப்பது? மதுரையிலிருந்து ஒரு மறுப்பு

தமிழில் இப்போது ஒரு புதுவகைக் கட்டுரை வர ஆரம்பித்திருக்கிறது. விஸ்கியை எப்படிக் குடிக்க வேண்டும் என்று பாடம் எடுக்கிற கட்டுரை. வயிறு பருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் ஊற்ற வேண்டும். சுழற்ற வேண்டும். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மூக்கால் முகர வேண்டும். வெனிலா, உலர்ந்த திராட்சை, தோல் செருப்பு, மழை நனைத்த புகை என்று வாசனைகளை எண்ண வேண்டும். பிறகு ஒரு துளி தண்ணீர். ஒரே ஒரு துளி. ஐஸ் போடுகிறவன் பாவி. கோக் ஊற்றுகிறவன் காட்டுமிராண்டி. கடைசியில், "நமக்குக் குடிக்கத் தெரியவில்லை, தமிழனுக்கு ரசனை இல்லை" என்று ஒரு பெருமூச்சு.

அந்தப் பெருமூச்சோடுதான் எனக்குச் சண்டை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மதுவிலக்குப் பிரசாரகன் இல்லை. எனக்கும் பிடித்த விஸ்கிகள் உண்டு. ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து வருகிற புகை மணக்கும் லகாவுலின் பிடிக்கும். அங்கே பார்லியை பீட் எனப்படும் சதுப்புநில மண்கட்டியை எரித்துக் காயவைக்கிறார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறி, பீப்பாயில் பல வருஷம் கிடந்து, நாக்கில் வந்து உட்கார்கிறது. நம் பக்கத்து ஊர் பெங்களூரில் தயாராகும் அம்ருத் ஃப்யூஷன் அதைவிடப் பிடிக்கும். இந்திய பார்லியும், பீட் புகையேறிய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்ந்தது. 50 சதவீத வீரியம். 2004இல் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை இந்தியாவில் விற்பதற்கு முன்னாலேயே கிளாஸ்கோவில் கொண்டுபோய் இறக்கியது. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிற துணிச்சல் அது. 2010ஆம் ஆண்டுக்கான ஜிம் முர்ரேயின் 'விஸ்கி பைபிள்' ஃப்யூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றது. ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிறது என்றால் பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. அதனால் அங்கே பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கிடைப்பதை இங்கே நாலைந்து வருஷத்திலேயே நெருங்கிவிடலாம். வெயில் நமக்கு எதிரி மட்டும் இல்லை என்று சொல்கிற விஸ்கி அது.

ஆக, ரசனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரசனை இல்லாததற்கு யாரைக் குற்றம் சொல்வது என்பதுதான் என் கேள்வி.

கேள்வியை ஆரம்பத்திலிருந்து கேட்போம். நம் ஊர்க் கடையில் விஸ்கி என்ற பெயரில் விற்பது விஸ்கியா?

ஸ்காட்ச் என்று பெயர் வைக்க வேண்டுமானால் தானியத்தைப் புளிக்கவைத்து வடித்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் கிடந்திருக்க வேண்டும். 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஐரோப்பியச் சட்டமும் தானியத்தில் வடிக்காத எதையும் விஸ்கி என்று விற்க விடாது. இங்கே நிலைமை வேறு. 'இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மது' என்ற சொல்லே ஒரு நகைச்சுவை. அந்த நகைச்சுவைக்குள் இருப்பது பெரும்பாலும் நியூட்ரல் ஆல்கஹால். சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற கறுப்புப் பாகான மொலாசஸிலிருந்தோ, இப்போது ஓரளவு உடைந்த அரிசி மாதிரியான தானியங்களிலிருந்தோ, மணமும் ருசியும் இல்லாத அளவுக்குச் சுத்தமாக வடித்த சாராயம் அது. அதில் கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட், கேரமல் நிறம், வாசனை சேர்த்தால் விஸ்கி. வேறு வாசனை சேர்த்தால் பிராந்தி. இன்னொன்று சேர்த்தால் ரம். மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் தாய் ஒருத்திதான், சட்டைதான் வேறு. எல்லாவற்றிலும் லேபிளில் ஒரே எண்: 42.8 சதவீதம்.

இப்போது அந்த 'ஒரு துளி தண்ணீர்' விஷயத்துக்கு வருவோம். அதற்கு அறிவியல் உண்டு, மறுக்கவில்லை. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இருவர் கணினி வழியாகப் பார்த்துச் சொன்னார்கள். விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான குவாயகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் அதிகமாக இருந்தால் உள்ளுக்குள்ளேயே அமுங்கிக் கிடக்கும். தண்ணீர் சேர்ந்து வீரியம் குறைந்தால் மேற்பரப்புக்கு ஏறி வரும். அதனால்தான் தண்ணீர் விட்டால் மணம் கூடுகிறது. நல்லது. ஆனால் மேலே ஏறி வர உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே? பீப்பாயைப் பார்த்தே இராத சாராயத்தில் ஒரு துளி விட்டாலும் ஒரு குடம் விட்டாலும் மேலே வரப்போவது என்ன? அதில் கோக் ஊற்றுகிறவன் ரசனை கெட்டவன் இல்லை. அந்த வாசனையிலிருந்து தன் மூக்கைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவன்.

இதை எனக்குச் சொல்லித்தந்தது எந்தப் புத்தகமும் இல்லை. கீழமாசி வீதிப் பக்கம் மூட்டை தூக்குகிற ஒருவர். ஒரு நாள் மத்தியானம் ஒரு மதுக்கடை வாசலில், "தம்பி, கட்டிங் சேருறீகளா?" என்று கேட்டார். ஒரு குவாட்டரை இரண்டு பேர் காசு போட்டு வாங்கிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதுதான் கட்டிங். முன்பின் தெரியாத இருவர் 90 மில்லிக்கு மட்டும் உறவுக்காரர்கள் ஆவார்கள். ஜாதி கேட்காமல் ஒரே பாட்டிலைப் பிரித்துக்கொள்வது இந்த ஊரில் வேறு எங்கே நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அவர் தன் பங்கைப் பிளாஸ்டிக் டம்ளரில் வாங்கி, பாக்கெட் தண்ணீரைக் கடித்துப் பீய்ச்சி, மூச்சை அடக்கி, ஒரே மடக்கு. மிஞ்சிப்போனால் பத்து விநாடி. ஒரு மாங்காய்த் துண்டை நக்கிக்கொண்டார். "ஏண்ணே, உக்காந்து மெதுவாக் குடிக்கலாம்ல?" என்றேன். சிரித்தார்.

"மெதுவாக் குடிச்சா ருசி தெரியும்யா. ருசி தெரிஞ்சா இதைக் குடிக்க முடியுமா?"

அதுக்கப்புறம் பாட்டிலைக் கால் ஓரத்தில் தள்ளிவிட்டு மூட்டைக்குப் போய்விட்டார்.

ரசனைக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பதிலை ஒருமுறை சுழற்றி முகர்ந்து பார்க்க வேண்டும். அவருக்கு ருசி தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்ததால்தான் அந்த வேகம். அவருடைய 'குடிக்கும் முறை' அறியாமையில் வந்ததில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட பொருள், கொடுக்கப்பட்ட இடம், கொடுக்கப்பட்ட நேரம் மூன்றும் சேர்ந்து செய்த முறை அது. மத்தியானம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10க்கு மூடுகிற கடை. வலைக்கம்பிக்குள்ளிருந்து நீளும் கை. கடையில் உட்கார நாற்காலி கிடையாது. பார் என்று இருக்கிற இடத்தில் உட்கார்ந்தால் கடலைக்கும் ஆம்லெட்டுக்கும் வைத்ததுதான் விலை. தெருவில் குடித்தால் போலீஸ். வீட்டுக்கு எடுத்துப்போனால் பிள்ளைகள். இதற்கு நடுவில் கிடைக்கிற பத்து விநாடியில் மனுஷன் வெனிலாவைத் தேடுவானா, உலர் திராட்சையைத் தேடுவானா? அந்தப் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் கூட 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்கள். அரசு விற்கிற மதுவைக் குடிக்க, அரசு தடை செய்த டம்ளர்.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். 180 மில்லியில் 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். எடையில் 60 கிராம். 10 கிராம் என்பது ஓர் அளவு என்று வைத்தால் ஒரு குவாட்டரில் ஆறு அளவு. நம் ஈரல் மணிக்கு ஏறத்தாழ ஓர் அளவைத்தான் கரைக்கும். ஆறு மணி நேர வேலையை ஒரு குவாட்டர் அடிப்பவர் சில நிமிஷத்தில் ஈரலின் தலையில் ஏற்றிவிடுகிறார். அதுவும் வெறும் வயிற்றில். இதைத்தான் நான் கொலைபாதகம் என்கிறேன். ஐஸ் போடுவதை அல்ல.

இந்தக் கடைக்குச் சொந்தக்காரர் யார் என்பது தெரிந்ததுதான். டாஸ்மாக் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2025இல் ஏறத்தாழ 4,800 கடைகள் இருந்தன. 2023-24இல் இதனால் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இதைக் கவனித்துக்கொள்ளும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. அடிப்படைச் சட்டத்தின் பெயர் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. சட்டத்தின் கண்ணில் நாம் இன்னும் மதுவிலக்கு நாட்டில்தான் வாழ்கிறோம். விற்பனை ஒரு விதிவிலக்கு, அவ்வளவே.

அந்த 1937க்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ராஜாஜி அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மதுவால் வந்த வருமானம் போய்விடுமே, கஜானாவுக்கு என்ன செய்வது? 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார்கள். மது வருமானத்துக்குப் பதிலாக வந்த வரி. பிறகு என்ன ஆயிற்று? 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது. விற்பனை வரி மட்டும் ஒரு நாளும் போகவில்லை. இன்று அதன் வாரிசான மதிப்புக் கூட்டு வரி மதுவின் மீதே விதிக்கப்படுகிறது. கள்ளுக்குப் பதிலாக வந்த வரி, சாராயத்தின் தோளில் கைபோட்டு நடக்கிறது. தமிழ்நாட்டு நிதி வரலாற்றை ஒரு குவாட்டர் பாட்டிலுக்குள் அடைத்துவிடலாம்.

அடுத்த எதிர்ப்பு இந்நேரம் உங்கள் வாயில் வந்திருக்கும். "குடும்பங்கள் அழிகின்றன, நீ என்னடா நாற்காலி இல்லை, மால்ட் இல்லை என்று புலம்புகிறாய்?" நியாயமான எதிர்ப்பு. கடையை மூடச் சொல்லி மறியல் செய்து, பாட்டில்களை ரோட்டில் போட்டு உடைத்த பெண்களை நான் ரசனை அறியாதவர்கள் என்று சொல்லமாட்டேன். 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோதே உயிரைவிட்ட காந்தியவாதி சசிபெருமாளின் சாவு என் மனசாட்சியிலும் இருக்கிறது. சம்பள நாளில் கடை வாசலில் பிள்ளையோடு காத்து நிற்கிற ஒரு பெண்ணுக்கு முன்னால் ஐலா தீவின் புகையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2016இல் 500 கடை, 2017இல் 500 கடை, 2023இல் 500 கடை மூடினார்கள். வருமானம் குறைந்ததா? ஏறியது. பத்து நிமிஷம் நடந்தவர் அரை மணி நேரம் நடந்தார். வரிசை நீண்டது. வரிசை நீண்டால் வேகம் இன்னும் கூடும். முழுசாக மூடு என்கிறீர்களா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. டாஸ்மாக் திறந்திருக்கும்போதே நடந்தது. அரசு குவாட்டரைவிட அது விலை மலிவு, அதுதான் காரணம். விலையைக் கூட்டிக்கொண்டே போனால் ஏழை குடிப்பதை நிறுத்துவதில்லை, வேறு ஒன்றைக் குடிக்கிறான். மதுவிலக்கு இருந்த காலத்திலும் உடல்நலக் காரணம் காட்டி பெர்மிட் வாங்கியவர் வீட்டில் ஒழுங்காகக் கோப்பையில் குடித்தார். பெர்மிட் இல்லாதவர் வார்னிஷ் குடித்தார். மதுவிலக்கு யாருடைய குடியையும் நிறுத்தவில்லை, யார் எதைக் குடிப்பது என்பதைப் பிரித்துக் கொடுத்தது.

அந்தப் பிரிவினையின் உச்சம்தான் கள்.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இல்லை. பக்கத்திலுள்ள கேரளத்தில் உண்டு, புதுச்சேரியில் உண்டு. பனை நம் மாநில மரம். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், அனுமதி. சுண்ணாம்பு தடவாமல் இறக்கினால் கள், குற்றம். ஒரு சுண்ணாம்புப் பூச்சில் ஒரு மனிதர் விவசாயியா குற்றவாளியா என்பது முடிவாகிறது. கள்ளின் வீரியம் ஏறத்தாழ 5 சதவீதம். ஒரு குவாட்டரில் இருக்கிற ஆல்கஹாலைக் கள்ளில் பெற வேண்டுமானால் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். வயிறே போதும் என்று சொல்லிவிடும். 5 சதவீதம் ஆபத்து, 42.8 சதவீதம் வளர்ச்சி என்று நம்பச் சொல்கிறார்கள். கள்ளில் கலப்படம் வரும் என்கிறார்கள். வரும்தான். பாலிலும் வருகிறது, மாட்டைத் தடை செய்யவில்லையே. சோதனை போடு, உரிமம் கொடு, தப்புச் செய்தால் தண்டி. சாராய ஆலைக்குக் காட்டுகிற நம்பிக்கையில் பத்தில் ஒரு பங்கைப் பனையேறிக்குக் காட்டு. மதுரையைச் சுற்றி கண்மாய்க்கரைகளில் நிற்கிற பனைகளைப் பாருங்கள். பாளை சீவுகிற கை இல்லாமல் சூளைக்கு விறகாகப் போகிறவை அவை.

ரசனை இறக்குமதிச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. சங்கப் பாட்டில் குடிக்கும் முறை இருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம், யவனர்கள் நல்ல குடுவையில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் வாங்கிக் குடித்து நன்றாக இரு என்று வாழ்த்துகிறார். வெளிநாட்டுச் சரக்கு, குளிர்ச்சி, மணம், தகுந்த கோப்பை, எல்லாம் அதில் இருக்கிறது. இந்த மதுரை ராஜாவுக்கு ஈராயிரம் வருஷம் முன்னால் சொன்னது. சரி, அது ராஜா. 120ஆம் பாட்டில் கபிலர் பாரியின் பறம்பு நாட்டைச் சொல்லும்போது மண்ணில் புதைத்து முதிரவைத்த தேறல் வருகிறது. பறம்பு என்பது சிங்கம்புணரிப் பக்கம் இருக்கிற பிரான்மலை, மதுரையிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். மலைபடுகடாத்தில் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறல் இருக்கிறது. ஓக் பீப்பாய்க்குப் பதில் மூங்கில். சாதாரணக் குடியானவர் வீட்டில் முதிரவைத்து, விருந்தாளிக்கு ஊற்றி, கூடவே கறியும் வைத்த ஊர் இது. இந்த ஊருக்கு வந்து "உங்களுக்குக் குடிக்கத் தெரியாது" என்கிறீர்கள். தெரிந்திருந்தது சார். அதை எடுத்துவிட்டுக் கையில் குவாட்டரைக் கொடுத்தார்கள்.

இலக்கியவாதிகளையும் விட்டுவைக்க முடியாது. கூட்டம் முடிந்து லாட்ஜ் அறையில் வட்டமாக உட்கார்ந்து, யாரோ விமான நிலையத்தில் வாங்கிவந்த பாட்டிலை நடுவில் வைத்துக் கலகம் பேசுகிறோம். அந்த அறையில் நாற்காலி இருக்கிறது, ஐஸ் இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. அதையெல்லாம் ரசனை என்று நாமே பெயர் சூட்டிக்கொள்கிறோம். ரசனையில் பாதி தாழ்ப்பாள்தான். இனி ஸ்காட்ச் இன்னும் மலியும். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தப்படி 150 சதவீத இறக்குமதி வரி முதலில் 75ஆகவும், பத்து வருஷத்தில் 40ஆகவும் இறங்கும். கண்ணாடிக் கோப்பைக்காரருக்கு ஒப்பந்தம் போட லண்டன் வரை போகிறார்கள். பனை மரத்தடிக்குப் போக ஆள் இல்லை.

சரி, எப்படித்தான் குடிப்பது? கேட்டதால் சொல்கிறேன். 'அறை வெப்பத்தில் குடி' என்பது ஸ்காட்லாந்துக்காரர் தன் அறையை நினைத்துச் சொன்னது. சித்திரை மாதத்து மதுரையில் அறை வெப்பத்தில் ஊற்றினால் மணத்துக்கு முன்னால் ஆல்கஹால்தான் ஆவியாகி மூக்கில் குத்தும். தாராளமாக ஒரு ஐஸ் போடுங்கள், பாவம் ஒட்டாது. நல்ல மால்ட் என்றால் மண்பானைத் தண்ணீர் சரிபாதி விடுங்கள். விஸ்கி கலக்கிறவர்களே 20 சதவீதத்துக்கு இறக்கித்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். முதலில் சாப்பிடுங்கள், பிறகு குடியுங்கள். மிளகு தூக்கலான சுக்கா வேண்டாம், அது எந்த மால்ட்டையும் அமுக்கிவிடும். வறுத்த கடலையோ, சீசன் என்றால் அவித்த பனங்கிழங்கோ போதும். 60 மில்லிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்போது இதே யோசனையைக் கீழமாசி வீதிக்காரருக்கும் சொல்ல முடிய வேண்டும் இல்லையா? அதற்கு எனக்கு வேண்டியவை நான்குதான். மொலாசஸா, தானியமா, எத்தனை பங்கு மால்ட், எத்தனை வருஷம் பீப்பாய் என்று லேபிளில் தமிழில் எழுது. 180 மில்லிதான் குறைந்தபட்சம் என்று இருக்காமல் 30, 60 என்று கோப்பையில் விற்கிற இடம் வை. அந்த இடத்தில் நாற்காலி, குடிதண்ணீர், நியாய விலைச் சாப்பாடு, கழிவறை வை. கள்ளைத் திற. 45,000 கோடியில் இதற்குக் காசில்லை என்று எந்த நிதியமைச்சரும் சொல்ல முடியாது. நிறுத்த நினைக்கிறவர்களுக்கு அரசு மருத்துவமனையில் படுக்கையும் மருந்தும் அந்தப் பணத்திலிருந்தே வரட்டும். விற்றவன்தான் வைத்தியமும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் வந்தால் குடி ஒழியுமா என்றால், ஒழியாது. ஆனால் குடிக்கிறவர் அவசரப்பட வேண்டியதில்லை. அவசரம் இல்லாதவர் குறைவாகக் குடிப்பார். குறைவாகக் குடிப்பவர் வீடு போய்ச் சேருவார். அதற்கப்புறம், ருசி தெரிந்தும் ஒருவர் அதைக் குடிக்க முடிகிற நாளில், அவருக்கு வெனிலா வாசனையைப் பற்றிக் கட்டுரை எழுதுங்கள். நானும் படிக்கிறேன்.